வாஷிங் மெஷினும் பத்து தினாரும்

நொந்துபோய்க் கிடக்கிறவர்களிடம் போய் இப்படியா ஒரு பொம்பளை பேரம் பேசுவாள் என்று சாதிக் பாட்ஷாவுக்குக் கூசிப்போனது. பேசியவள் வேறு யாருமில்லை, அவருடைய மனைவி மர்ஜானாதான்.

பஹ்ரைன், ஈசா டவுனில் அன்பரசன் குடியிருக்கும் ஃப்ளாட் அது. அன்பரசன் வேலை பார்த்த கம்பெனியை மூடி இரண்டு மாதமாகிறது. விசா கேன்சல். சனிக்கிழமை பெண்டாட்டி பிள்ளையோடு ஊருக்கே கிளம்புகிறான். அதற்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும்.

அதனால், ஊருக்கே போகிறவர்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, வீட்டுச் சாமான்களைப் படமெடுத்துத் தமிழர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் விற்பனைக்குப் போட்டிருந்தான்.

அதில் வாஷிங் மெஷின் படத்தைப் பார்த்ததுமே மர்ஜானா பர்தாவை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். நம் வீட்டில் ஒரு மெஷின் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று பாட்ஷா கேட்டுப் பார்த்தார். பேசாம வாங்க மச்சான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மலிவு என்றால் இவளுக்குக் கண்மண் தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டே அவரும் ஒரு பிக்கப்பை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்தார்.

டிக்கெட் விஷயமாக அன்பரசன் மனாமா போயிருந்தான். வீட்டில் அவன் மனைவி அகிலா மட்டும்தான். அழுது வீங்கிய முகம். அதைப் பார்த்ததும் பாட்ஷாவுக்கு மனசு கேட்கவில்லை. கேட்ட நாற்பது தினாரைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று பர்ஸை எடுத்தார். மர்ஜானா முழங்கையால் இடித்தாள் பாருங்கள், விலா எலும்பு கழன்றுவிடும்போல இருந்தது.

அப்புறம் தொடங்கியது அவள் கச்சேரி. மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். ரப்பர் கறுத்துக் கிடக்கிறது என்றாள். தண்ணீர்க் குழாய் நெளிந்திருக்கிறது என்றாள். ஓட்டிக் காட்டச் சொல்லி, ஓடியதும் சத்தம் பெரிதாக வருகிறது என்று மூக்கைச் சுளித்தாள். இருபத்தைந்து தினாருக்கு மேல் ஒரு ஃபில்ஸ் காசுகூடக் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் அகிலா மலங்க மலங்க விழித்தாள். பிறகு அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. மகளின் பள்ளிக்கூடச் சட்டையைக் கொண்டுவந்து மர்ஜானாவின் முகத்துக்கு நேரே விரித்து, இந்த வெளுப்பு உங்கள் வீட்டு மெஷினில் வருமா என்று கேட்டாள். இவள் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, அரைமணி நேரம் போனது. ஒருவழியாக முப்பது தினாரில் வந்து நின்றது.

பிக்கப் டிரைவரும் பாட்ஷாவுமாக மெஷினைக் கீழே இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். அதற்குமேல் பாட்ஷாவால் அடக்க முடியவில்லை.

"வேலை போயி ஊருக்குப் போறவங்க வயித்துல அடிச்சுப் பத்து தினார் மிச்சம் புடிக்கணுமா? நாம நல்லா இருப்போமா புள்ள?"

உங்களுக்குச் சொன்னால் புரியாது என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

போனை மேலேயே வைத்துவிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பத்து தினார் நோட்டை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பாட்ஷா படியேறினார். அகிலாவின் கையில் அதைத் திணித்தால்தான் தன் நெஞ்சு ஆறும் என்று தோன்றியது.

கதவைத் திறந்த அகிலாவுக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன பாய், மெஷின் வேணாமா? திருப்பிக் குடுக்க வந்தீங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா."

அவளுக்கு மூச்சு வந்தது. அவருக்குப் பின்னால் மர்ஜானா நிற்கிறாளா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த சோபா, ஃப்ரிட்ஜ், கட்டில் எல்லாமே வித்துப்போச்சு பாய். ரெண்டு நாளா வந்தவங்க எல்லாரும் ஐயோ பாவம்னாங்க. கேட்ட காசைக் கையில வச்சாங்க. ஒரு சாமானைக்கூடத் தொட்டுப் பாக்கல. எடுத்துட்டுப் போங்கன்னா, எங்ககிட்டதான் இருக்கே, யாருக்காவது குடுத்துடுங்கன்னு போயிட்டாங்க. பிச்சை போட்ட மாதிரி ஆயிடுச்சு. அவரு நேத்து சோறே திங்கல."

சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா ஒருத்தங்கதான் பாய், எங்க வீட்டுக்குச் சாமான் வாங்கன்னு வந்தாங்க. அவர்கிட்ட போன் போட்டுச் சொன்னேன். எத்தனையோ நாள் கழிச்சு இன்னிக்குத்தான் சிரிச்சாரு."

வீட்டில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்க, மர்ஜானா இங்கே வந்து எதற்கு அப்படி மல்லுக்கட்டினாள் என்பது பாட்ஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளங்கை வியர்வையில் நோட்டு கசங்கியது. மெல்ல அதைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"அப்புறம் எதுக்கு பாய் திரும்பி வந்தீங்க?" என்று கேட்டாள் அகிலா.

பாட்ஷா தொண்டையைச் செருமிக்கொண்டார். முகத்தைக் கொஞ்சம் விறைப்பாக வைத்துக்கொண்டார்.

"பிக்கப்காரன் மூணு தினார் வாடகை கேக்குறான். அதையும் விலையில கழிச்சு வாங்கிட்டு வரச் சொன்னா மர்ஜானா."

அகிலா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"ஒரு ஃபில்ஸ் குறைக்க முடியாதுன்னு அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க பாய்."