சுத்தமான ஃபைல்

“கதவைச் சாத்திட்டு வாங்க, மாப்பிள்ளை.”

அச்சகத்தை விற்கும் ரகசிய ஒப்பந்தம் தொழிலாளிகளின் போன்களில் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே மெஷின்கள் நின்றுவிட்டன. “எங்க வயித்துல அடிக்காதீங்க!” என்ற கூச்சல் மாடிவரை கேட்டது.

“அதை மூணு பேருக்குத்தான் அனுப்பினேன். என் ரெண்டு பசங்க, அப்புறம் நீங்க,” என்றார் முதலாளியான மாமனார். “ஒவ்வொருத்தர் காப்பியிலயும் கண்ணுக்குத் தெரியாத குறியை வேற வேற வரியில ஒளிச்சு வெச்சேன். நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்த வித்தைதான். வெளியே போன ஃபைல் இது. குறி எங்கே இருக்குன்னு தேடுங்க.”

பெரிய மச்சான் மாட்டினாலும் சின்ன மச்சான் மாட்டினாலும் மனைவி முகம் கொடுத்துப் பேசமாட்டாள். முடியாது என்றால் மாமனார் விடமாட்டார்.

மாப்பிள்ளை ஃபைலை எடிட்டரில் திறந்து, மறைந்திருக்கும் குறிகளைத் தேடவிட்டார். மேலிருந்து கீழ்வரை ஒன்றுகூட அகப்படவில்லை. அவருக்கு மூச்சு வந்தது.

“ஒண்ணுமே இல்லை, மாமா. யார் காப்பின்னு கண்டுபிடிக்கவே முடியாது.”

“நான் வெச்ச குறி எங்கே போச்சு?”

“யாரோ தேடித் துடைச்சிருக்காங்க.”

மாமனார் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

“என் பசங்களுக்கு ஃபைலைத் திறக்கவே ஆள் வேணும். எதையும் துடைக்காம வெளியே அனுப்பாத ஆள் இந்த வீட்டுல ஒருத்தர்தான், மாப்பிள்ளை.”