மண் சொன்ன திசை

"சேத்தைக் காயவச்சு வெடிப்பைப் பாத்ததுக்கு ஒரு பட்டம்! அதுக்குப் பெரம்பலூர் காலேஜுல வேலை வேறயா?" உத்திராபதி தன் மருமகள் சசிகலாவைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தார்.

"ஆர்டர் வந்துடுச்சுப்பா. அனுப்பிடலாமே" என்றான் மகன் அறிவரசன்.

"நீ யாருடா அனுப்ப? மண்ணு சொல்லட்டும்."

உடையார்பாளையத்தில் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் அப்படியொரு வழக்கம். வெளியூர் போகிறவர் வீட்டு மண்ணைத் தன் கையால் குழைத்து, பித்தளைத் தாம்பாளத்தில் பரப்பி, மணைமேல் காயவைக்க வேண்டும். போகிற திசையில் நேராக வெடித்தால் போகலாம். தாறுமாறாக வெடித்தால் கூடாது.

மண் எப்போதும் தாறுமாறாகத்தான் வெடிக்கும். உத்திராபதிக்கு அது நன்றாகவே தெரியும். அவர் தங்கையின் நர்ஸ் வேலையும் மகளின் டீச்சர் டிரெயினிங்கும் அப்படித்தான் மண்ணாய்ப் போயின.

"சரிங்க மாமா" என்று சசிகலா குழைத்து வைத்தாள்.

காய்ந்த மண்ணைக் குனிந்து பார்த்த உத்திராபதிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெடிப்புகள் எல்லாம் கோடு கிழித்தது போல் கிழமேலாக ஓடின. பெரம்பலூர் நேர் மேற்கே.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாத்தியா? உன் படிப்புக்குத் தெரியாதது மண்ணுக்குத் தெரியுது. போயிட்டு வா."

"ஆமாங்க மாமா."

அவர் நகர்ந்ததும் சசிகலா மணையைப் புரட்டி, அடியில் ஒட்டவைத்திருந்த இரண்டு காந்தங்களைப் பிடுங்கிப் புருஷனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க டேப் ரெக்கார்டர் ஸ்பீக்கர்ல கழட்டுனது. மண்ணுல இரும்புத்தூளைக் கலந்துட்டா, காந்தம் காட்டுற பக்கம்தான் வெடிக்கும். அந்தப் பட்டம் இதுக்குத்தான் குடுத்தாங்க."