மடக்குக் கத்தியின் பூட்டு

படகுத்துறையில் சவரிமுத்து தன் மடக்குக் கத்தியைக் கையை உதறித்தான் திறப்பான். ‘டக்’கென்ற சத்தத்துக்கு நண்பர்கள் கைதட்டுவார்கள்.

அலகு மடங்காமல் தாங்கி நிற்கும் பூட்டு ஒருநாள் அதனிடம் கெஞ்சியது: “ஒவ்வொரு உதறலுக்கும் என்மேல்தான் வந்து மோதுகிறாய், அக்கா. என் விளிம்பெல்லாம் தேய்ந்துவிட்டது. கொஞ்சம் மெதுவாக வந்து நில்லேன்.”

“கைதட்டல் எனக்கு என்று பொறாமைடி உனக்கு,” என்று அலகு சிரித்தது. “சும்மா முட்டுக்கொடுத்து நிற்கிறவளுக்கு என்ன தேய்மானம்?”

மறுநாள் நைலான் கயிற்றை அறுக்கும்போது பூட்டு நழுவியது. அலகு மடங்கி அவன் விரலில் ஆழ இறங்கியது.

“பாழாய்ப்போன பூட்டு!” என்று அலறினான்.

விரல் ஆறியதும் அலகை மட்டும் கழற்றி, எண்ணெய் தடவி, புதுப் பூட்டு வைத்த பிடியில் மாட்டினான். பழைய பூட்டைக் கடலில் எறிந்தான்.

“முன்னால் இருந்தவள் என்னைக் கைவிட்டுவிட்டாள்,” என்று அலகு புதுப் பூட்டிடம் குறைப்பட்டது.

“பாவி அவள்! நான் அப்படிச் செய்வேனா, அக்கா?” என்றது அது.