கலகத்துக்குக் காரணம்

"பர்மாவுல மறுபடியும் மதக் கலகம் சாமி! முப்பது பேர் செத்துட்டாங்களாம், கப்பல்ல வந்தவன் சொன்னான்" என்று பிக்குவிடம் மூச்சிரைக்கச் சொன்னான் துறைமுகக் கூலி சின்னக்கண்ணு.

ஜப்பான்காரன் ஆட்சியில் ரேடியோ கேட்டால் தலை போய்விடும். சின்னக்கண்ணுவின் வாய்தான் செய்தித்தாள்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துப் புத்தர் கோயிலில் கூட்டம் கூடியது. வழக்கம்போல், செத்தவர்களின் பேரால் வந்தவர்களுக்கெல்லாம் மரவள்ளிக் கஞ்சி வார்த்தார் பிக்கு. இரண்டு நாள் பட்டினி கிடந்த சின்னக்கண்ணு மூன்று கோப்பை குடித்தான்.

"கலகத்துக்குக் காரணம் கோபம்!" என்றார் கூட்டத்தில் இருந்த பக்தர் பியதாச.

"பேராசை லா! உனக்கென்ன தெரியும்?" என்று அவர் சட்டையைப் பிடித்தார் இன்னொரு பக்தர் குணபால.

"ரெண்டும் இல்லை" என்று விலக்கிவிட்ட பிக்கு, சின்னக்கண்ணுவின் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை ஊற்றிக் காதருகே குனிந்தார்.

"பசிதான் காரணம். அடுத்த தடவை பசிக்குதுன்னு மட்டும் சொல்லுப்பா. பாவம், பர்மாக்காரனை எத்தனை வாட்டிதான் கொல்லுவே?"