காய்ச்சல் அட்டை

"எண்பத்தி மூணு," என்றார் மாமியார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. "கால் மணி நேரத்துல ரெண்டு டிகிரி ஏறியிருக்கு. எனக்கு என்னமோ சரியாப் படலே."

காய்ச்சலில் கிடந்தது மனிதர் இல்லை. மேசைக்கு அடியில் இரைந்துகொண்டிருந்த கணினி. மாமியார் முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏறி இறங்குகிற எண் எதைக் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணி, சூடு, குறிப்பு என்று கட்டம் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டார்.

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் காட்டும் படம் ஒன்று அந்தக் கணினியில் உருவாகிக்கொண்டிருந்தது. ஆபீஸ் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. நாலு மணிக்குக் கட்டடக் கம்பெனி முதலாளி, வீடு வாங்க வருகிறவர்களை உட்கார வைத்துப் படத்தைப் போட்டாக வேண்டும். கணினியோ நாலு இருபதுக்குத்தான் முடிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றது. தவறினால் அடுத்த வேலை அவளுடைய பழைய ஆபீசுக்கே போய்விடும். அந்த ஆபீசை விடாதே என்று அன்றைக்குத் தலைபாடாக அடித்துக்கொண்டவர்தான் இன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிகிரி எழுதிக்கொண்டிருந்தார்.

வேறு வழி தெரியாமல் அண்ணனுக்குப் போன் போட்டாள். கணினி விளையாட்டே கதி என்று கிடப்பவன் அவன். படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டை ஓவர்க்ளாக் செய், அதாவது தயாரித்தவன் வைத்த வேகத்துக்கு மேல் விரட்டு என்றான். அவள் ஜென்மத்தில் அதைச் செய்ததில்லை. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வேகத்தை இருபத்தஞ்சு இருபத்தஞ்சா ஏத்து. ஒரேயடியா ஏத்திடாதே," என்றான் அண்ணன். "சூடு ரொம்ப ஏறிச்சுன்னா கார்டே பயந்து வேகத்தைக் குறைச்சுக்கும். அப்பவும் விரட்டினா திரை உறைஞ்சுடும். காலையிலேருந்து ஓடினது அத்தனையும் போச்சு. பயமா இருந்தா, வட்டமா திரும்பற அம்புக்குறி இருக்கு பாரு, அதை அழுத்து. பழையபடி ஆயிடும்."

"டோஸ் கூட்டற மாதிரி," என்று மாமியார் தலையாட்டினார்.

முதல் இருபத்தைந்துக்கு எண்பத்தி நாலு. இரண்டாவதுக்கு எண்பத்தஞ்சு. மூன்றாவது படி ஏற்றும்போது அவளுடைய விரல் வேர்த்து மவுஸ் வழுக்கியது.

"இது எது வழியா மூச்சு விடுது?" என்று கேட்டார் மாமியார்.

"முன்னாடி வழியா காத்து உள்ளே போகும், பின்னாடி வழியா வெளியே வரும். கொஞ்ச நேரம் பேசாம இருங்க அத்தை."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெட்டியின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்கு நூறு வரை ஏற்றியிருந்தாள். சூடு எண்பத்தேழு. நேரம் குறையும் என்று பார்த்தால் நாலு இருபத்தைந்தாக நீண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி முதலாளி கூப்பிட்டார். சொல்லப்போகும் பொய் மாமியார் காதில் விழக்கூடாதே என்று அண்ணனின் போனை வைத்துவிட்டுப் பால்கனிக்கு ஓடினாள். எல்லாம் முடிந்தது, கடைசிப் பூச்சுதான் பாக்கி என்று வாய் கூசாமல் புளுகினாள். அவரோ சமையலறைச் சுவரின் நிறத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். உள்ளே திரை இந்நேரம் உறைந்திருக்கும் என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். போனை வைத்ததும் உள்ளே ஓடி வந்தாள்.

திரை உறையவில்லை. மூலையில் எழுபத்தாறு என்று இருந்தது. முடியும் நேரம் மூன்று ஐம்பத்திரண்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். மாமியார் துண்டில் ஈரக் கையைத் துடைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். கார்டு பழகிவிட்டது, இனிமேல் எதையும் தொடாதே என்று பதில் வந்தது. அவளும் தொடவில்லை. கைகளை இறுகக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மாமியாரின் குரல் மட்டும் கேட்டது. எழுபத்தாறு. எழுபத்தஞ்சு. மறுபடி எழுபத்தஞ்சு.

மூன்று ஐம்பத்தெட்டுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. பிரமாதம், அடுத்த கட்டடத்துக்கும் நீங்கள்தான் என்று முதலாளியிடமிருந்து பதில் வந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. உடனே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நூறு ஏத்தியும் தாங்கிடுச்சு அண்ணா. இதுக்கெல்லாம் துணிச்சல் வேணும். சில பேர் மாதிரி பயந்துக்கிட்டு உக்காந்திருந்தா ஒண்ணும் நடக்காது," என்றாள், ஸ்டூல் பக்கம் பார்க்காமல்.

மாமியார் டூட்டி முடிந்த நர்ஸைப்போல் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, அதை மருமகளின் மடியில் வைத்தார். அண்ணன் போனில் பாராட்டிக்கொண்டே இருக்க, அவள் கண் தாளின் நடுவில் போய் நின்றது.

'2.05: சூடு 87. நோயாளி தாங்கவில்லை. வட்ட அம்புக்குறி அழுத்தி மருந்து முழுவதும் நிறுத்தப்பட்டது. 2.08: முன்பக்க வலை கழற்றிக் கழுவப்பட்டது. ஒரு பிடி தூசி. மூச்சு சீராக வருகிறது.'

"டாக்டர் போன் பேசப் போயிட்டா, நர்ஸ் வேற என்னம்மா பண்ணுவா?" என்றார் மாமியார்.