வளைவுல சாயாத வண்டி

"வளைவுல வண்டி சாயுதா? சாயட்டுமே. நீ என்ன ரேஸுக்கா போற? ஆஸ்பத்திரிக்குத்தானேண்ணா? சரி, எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னே வெச்சுக்கோ. அம்மாவைப் பத்தித் தெரியும்ல?"

பட்டறை வாசல்ல காரை நிறுத்திட்டு, போன்ல அண்ணனை வறுத்தெடுத்துக்கிட்டு இருந்தா தங்கச்சி. காலேஜ்ல ரெண்டாவது வருஷம். வீட்டுல வெச்ச பேரு வக்கீலம்மா.

அம்மாவுக்கு வாராவாரம் ஆஸ்பத்திரியில ஊசி. வழியெல்லாம் குண்டும் குழியும். அம்மா உடம்பு அலுங்கக் கூடாதுன்னு, ரெண்டு மாசம் டியூஷன் எடுத்து, மெத்துமெத்துன்னு போற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இவதான் மாட்ட வெச்சா.

போன வாரம் அண்ணன் சத்தமில்லாம அதைக் கழட்டிட்டு இறுக்கமானதா மாத்திட்டான். கேட்டா, வேகமாப் போனாலும் வண்டி கையில நிக்கணுமாம்.

இன்னிக்கு அம்மாவுக்கு ஊசி போட்டுட்டு, திரும்ப இவ ஓட்டிட்டு வந்தா. ஒவ்வொரு குழியும் இடுப்புல வந்து இடிச்சுது.

ஏற்கெனவே ஊசி போட்டுட்டு வரும்போதெல்லாம் அம்மாவுக்கு வாந்தி. மருந்து ஒத்துக்கல, இனிமே வரமாட்டேன்னு ஒரே அடம். பாதியில விட்டா ஆபத்துன்னு டாக்டர் கண்டிச்சே சொல்லியிருந்தாரு.

பழசையே திரும்ப மாட்டுங்கன்னு மெக்கானிக் மேல பாஞ்சா. அவரு கையைத் துடைச்சுக்கிட்டே, அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கோம்மான்னுட்டு நகர்ந்துட்டாரு.

திரும்பிப் பார்த்தா, அம்மா முன் சீட்டுல உட்கார்ந்து பிஸ்கட் தின்னுட்டு இருந்தா. மூணாவது பிஸ்கட். வாந்திக்குன்னு கொண்டுவந்த கவர் மடிச்ச மடிப்பு கலையல.

வக்கீலம்மா கவரை எடுத்துப் பிரிச்சுப் பார்த்தா.

"குலுங்கினாத் தாங்கிக்கலாம்டி," அம்மா மெதுவா சொன்னா. "நீ மாட்டினது வளைவுக்கு வளைவு ஊஞ்சல் மாதிரி ஆடிச்சு. அதுலதான் குடலைப் புரட்டிச்சு, மருந்துல இல்ல. அண்ணன்தான் கண்டுபிடிச்சான். ஆசையா மாட்டின புள்ள மனசு நோகும், என் வேகத்துக்காக மாத்தினதாவே இருக்கட்டும்னுட்டான்."

அப்போ அடுத்த வாரம் ஊசிக்கு வருவியான்னு இவ கேட்டா. வராம என்ன, பிஸ்கட்டை மட்டும் ரெண்டு பாக்கெட்டா எடுத்து வைன்னா அம்மா.

அப்பாடான்னு ஒரு மூச்சு வந்துச்சு. கண்ணும் கலங்கிச்சு. ஆனா வாய் வக்கீலம்மா வாயாச்சே. அண்ணன் இன்னும் லைன்லதான் இருந்தான். ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கார் மேல வெச்சா.

"பட்டறையில அத்தனை பேரும் கேட்டுட்டு இருக்காங்க. இவ்ளோ திட்டியும் உண்மையைச் சொல்லாம நின்னியே, ஏன்ணா? சொல்லு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."