இரண்டு முனைகள்

கண்ணை மூடிக்கொண்டு, டிவைடரின் இரண்டு முனைகளையும் தன் முன்கையில் தானே வைத்துப் பார்த்தாள்.

ஒன்றா, இரண்டா?

இரண்டு. வைத்தவளுக்குத் தெரியாதா?

தனக்குத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்கிற கதைதான். தொடு உணர்வைச் சோதிக்க இன்னொருத்தி வேண்டும். முனைகளை நெருக்கி வைத்துத் தொட்டால் தோலுக்கு ஒன்றாகத்தான் படும். கொஞ்சம் கொஞ்சமாக அகட்டிக்கொண்டே போய், கண்ணை மூடியிருப்பவள் எப்போது இரண்டு என்கிறாளோ, அந்த இடைவெளியை அளந்து நோட்டில் எழுத வேண்டும். இன்றே சாரிடம் காட்ட வேண்டும். ஐந்து மதிப்பெண்.

உயிர்மருத்துவ அறிவியல், முதலாம் ஆண்டு. இருபத்து மூன்று பேர்.

பதினோரு ஜோடி. மிச்சம் இவள்.

தீபலட்சுமி இருந்தவரை இருபத்து நான்கு. கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் அவளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்துவிட்டது. வகுப்பே கைதட்டி அனுப்பி வைத்தது. இவளும் உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.

ஆறு வாரம் ஆகிறது. விடுதி அறையில் எதிர்க் கட்டிலின் மெத்தை சுருட்டியபடியே கிடக்கிறது. இந்த ஆறு வாரத்தில் ஒரு மனிதக் கை இவள் மேல் பட்டதில்லை. பேருந்து நெரிசலில் இடித்த முழங்கைகளையெல்லாம் அதில் சேர்க்க முடியாது.

யாரிடமாவது போய், மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கலாம். பக்கத்து மேசைகளில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாய் வரவில்லை.

ஏதோ ஓர் எண்ணை எழுதித் தொலைப்போம் என்று பேனாவைத் திறந்தபோது, எதிரே ஒரு ஸ்டூல் இழுபட்டது.

ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவும் மரகதம். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிவைடரை எடுத்துக்கொண்டாள். வருடா வருடம் பார்க்கிற பரிசோதனை, அவளுக்கு அத்துப்படி.

இவள் கண்ணை மூடினாள்.

கை ஆடாமலிருக்க மரகதம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாளெல்லாம் தண்ணீரில் ஊறிச் சொரசொரத்த கை. சில்லென்று இருந்தது. பிறகு இல்லை.

முனை பட்டது.

"ஒண்ணு."

அகட்டினாள்.

"ஒண்ணு."

ஐந்தாவது தடவை இரண்டு முனைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. துளிச் சந்தேகமில்லை. இரண்டு என்று சொன்னால் முடிந்தது. மரகதம் எழுந்து குழாய் கழுவப் போய்விடுவாள்.

"ஒண்ணு" என்றாள்.

மறுபடியும் பட்டது. மறுபடியும் ஒண்ணு. ஒரு முனை மணிக்கட்டுப் பக்கம், ஒரு முனை முழங்கைப் பக்கம். அப்போதும் ஒன்றுதான் என்று சாதித்தாள். வெட்கமாக இருந்தது. மூடிய கண் கரித்தது. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

டிவைடர் அதற்குமேல் விரியாது என்றான பிறகுதான் "ரெண்டு" என்றாள்.

மரகதம் ஸ்கேலை வைத்து அளந்து சொன்னாள். இவள் எழுதிக்கொண்டாள்.

மற்றவர்கள் நாலு, நாலரை சென்டிமீட்டர் என்று எழுதியிருந்த இடத்தில் இவள் நோட்டில் பதினொன்று. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, கையா இது, கட்டையா?"

வகுப்பு சிரித்தது. சிவப்பு மையில் வட்டம். மதிப்பெண் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பச் செய்ய வேண்டும்.

நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கழுவுதொட்டியைத் தாண்டி நடந்தாள். மரகதத்தின் முதுகுதான் தெரிந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த வாரமும் ஒண்ணுன்னே சொல்லு கண்ணு."